உறைக்குள் விழுந்த ரேகை

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம், எனக்கு நஷ்டமில்லை. இது நடந்தது நட்டநடுப் பகலில், ஏசி அறையில், டியூப்லைட் வெளிச்சத்தில். பேய்க்கு நேரங்காலம் தெரியாது போலிருக்கிறது.

பழங்காசுகளுக்குத் தரம் போடும் நிறுவனத்தில் எனக்கு வேலை. கீறல், நசுங்கல், துளை, கறை... ஒவ்வொரு சேதத்துக்கும் மதிப்பெண் குறையும். கூடவே விலையும் இறங்கும். தரம் போட்டதும் காசைப் பிளாஸ்டிக் உறையில் வைத்து மெஷினில் ஒட்டிவிடுவோம். உடைக்காமல் திறக்க முடியாது.

எங்கள் தலைமை நிபுணருக்கு நாங்கள் வைத்த பெயர் 'பெரிய லென்ஸ்'. விசிட்டிங் கார்டில் ஏழு பட்டங்கள். இடம் போதாமல் அவர் பெயர் பின்பக்கம் போயிருந்தது. அன்று ஓர் இளம்பெண் தன் அப்பாவின் வெள்ளிக்காசைக் கொடுத்துவிட்டுப் போனாள். லென்ஸ் வெள்ளைக் கையுறை மாட்டி, பிரசவம் பார்ப்பவர்போல் மூச்சடக்கிப் புரட்டினார்.

"விளிம்புல சின்ன நசுங்கல். மத்தபடி நேத்து அடிச்ச மாதிரி இருக்கு. எழுபதுக்கு அறுபத்திரண்டு. நான் சொன்னா சொன்னதுதான்."

உறையில் வைத்து ஒட்டியது நான்.

மதியம் இரண்டு நாற்பது. 'டிக்' என்று ஒரு சத்தம். மேஜையில் இருந்த உறையைப் பார்த்தேன். காசில் இருந்த ராஜாவின் முகத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. கன்னங்கரேலென்று.

வெறுங்கை பட்டால் வெள்ளி கறுக்கும்தான். ஆனால் இப்படி ரேகை ரேகையாக அரிக்க வருஷக்கணக்காகும்.

"வெறுங்கையால தொட்டியா?" லென்ஸ் கத்தினார்.

"இல்ல சார்."

"பின்ன பேயா தொட்டுச்சு? இன்னியோட உனக்கு வேலை கிடையாது!"

வீட்டில் மனைவிக்கு எட்டாவது மாதம். மைப் பேடில் என் கட்டைவிரலை அழுத்திக் காகிதத்தில் பதித்தேன். அவர் ஒப்பிட்டார். என்னுடையது சுழி. காசில் இருந்தது வளைவு.

"உன்னது இல்ல," என்றார், தானே கண்டுபிடித்ததுபோல்.

"அப்ப... நீங்களா சார்?"

முறைத்தபடி கையுறையைக் கழற்றினார். அவர் ரேகையும் பொருந்தவில்லை.

டிக்.

உறையைத் திருப்பினோம். பின்பக்கம் இன்னொரு ரேகை. நாங்கள் பார்க்கப் பார்க்கக் கறுத்தது...

டிக்.

பக்கத்திலேயே மூன்றாவது.

முன்னால் கட்டைவிரல். பின்னால் இரண்டு விரல். யாரோ காசைக் கெட்டியாகப் பிடித்திருந்தார்கள்...

உறைக்குள்.

உறை நகர்ந்தது. வாசலைப் பார்த்து.

லென்ஸைக் காணோம். ஏழு பட்டங்களும் கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டன.

சாயங்காலம் அந்தப் பெண் வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. கறைக்கு என்ன பதில் சொல்வது என்று நான் விழித்தேன். அவள் காசைப் பார்க்கவே இல்லை.

"அப்பா போயிட்டாரு அண்ணா. ரெண்டு நாப்பதுக்கு, ஆஸ்பத்திரியில. அவருக்குத் தெரியாமத்தான் இதை எடுத்துட்டு வந்தேன். திருப்பிக் கொடுத்துடுங்க..."

துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சொந்தக்காரங்களுக்குச் சொல்லணும்னு அவர் விரலை வச்சு போனைத் திறக்கப் பாத்தேன். திறக்கல. அடுத்த விரல வச்சேன். அதுவும் இல்ல. அப்புறம்தான் கையத் திருப்பிப் பாத்தேன்..."

அவள் தன் கட்டைவிரலையும் அடுத்த இரண்டு விரல்களையும் நீட்டிக் காட்டினாள்.

"மூணு விரல்லயும் ரேகையே இல்ல அண்ணா. தேச்சு எடுத்த மாதிரி... வழவழன்னு இருந்துச்சு."