நூல் கடையில் ஓடாத நிரல்

தொண்ணூறுகளின் கடைசியில், கம்ப்யூட்டர் படித்த பெண் என்று அருப்புக்கோட்டை நூல் கடை ஒன்றில் என்னை வேலைக்குச் சேர்த்தார்கள். கடைக்கும் மதுரைக் கிளைக்கும் போன் லைன் வழியாகச் சரக்குக் கணக்கு போய் வர வேண்டும். புதன்கிழமை நல்ல நேரத்தில் ஓட்டிக்காட்ட வேண்டும். முதலாளி அண்ணாச்சி சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஓடலைன்னா மிஷினோட நீயும் கெளம்பிரு தாயி." வேலை போனால் எம்.ரெட்டியபட்டிக்குத் திரும்பி, மாப்பிள்ளை வருகிறவரை பருத்தி எடுக்க வேண்டியதுதான்.

அதற்கான கம்ப்யூட்டர் நிரல் இலவசம். யாரோ புண்ணியவான் லினக்ஸில் எழுதி, ஊருக்கே திறந்து வைத்திருந்தார். மதுரைச் சிநேகிதி பிளாப்பியில் தந்தாள். லைனில் பேசும் பகுதி சி மொழி, திரையில் தெரிவது பெர்ல், இரண்டையும் இணைக்க நடுவே ஒரு பாலம். அவளுடைய லினக்ஸில் சமர்த்தாக ஓடியது, எங்கள் விண்டோஸில் கம்பைல் செய்தால், அதாவது ஓடும் வடிவத்துக்கு மாற்றினால், பாலத்தில் வந்து முரண்டு பிடித்தது. லினக்ஸில் மட்டுமே உள்ள கோப்புகளை என்னிடம் கேட்டால் நான் எங்கே போவேன்? கம்பைலரை மாற்றினேன். மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்தேன்.

புதன் காலையில்தான் பாலத்தின் கோப்பைத் திறந்து முதல் வரியிலிருந்து படித்தேன். அது லினக்ஸ் பாலம். சிநேகிதி இரண்டு பிளாப்பி தந்திருந்தாள், லினக்ஸுக்கு ஒன்று, விண்டோஸுக்கு ஒன்று. கோப்பின் பெயர் மட்டும் இரண்டிலும் ஒன்றே. நான் இல்லாதபோது மிஷினைத் தொடுகிறவர் கடைக் கணக்கப்பிள்ளை ஒருவர்தான். அவரிடம் ஓடினேன்.

"அண்ணே, பிளாப்பிய நீங்களா மிஷின்ல ஏத்துனீக?"

"ஆமா பாப்பா. ஞாயித்துக்கெழம நீ பூசைக்குப் போயிட்ட. ஒத்தாசையா இருக்கட்டும்னு ரெண்டையும் ஒரே எடத்துல போட்டேன். பழசு மேல எழுதவா, எஸ்ஸா நோவான்னு கேட்டுச்சு. யாவாரம் நடக்குற எடத்துல இல்லைன்னு சொல்லலாமா? எஸ்ஸு போட்டேன்."

"பிளாப்பி?"

"அழிச்சுட்டு நம்ம கடைக் கணக்க ஏத்திட்டேன்."

சரக்கு தீர்ந்தால்கூட 'இல்லை' என்னாமல் 'நாளைக்கு வரும்' என்று சொல்கிற கடை அது. அவரை என்ன சொல்லித் திட்டுவது?

அதற்குள் அண்ணாச்சி நெற்றி நிறைய விபூதியோடு வந்துவிட்டார். "ஓட்டு தாயி."

"ஓடாது அண்ணாச்சி. சரியான கோப்பு இங்க இல்ல. மதுரையில இருக்கு."

நூல் வாங்க வந்த தறிக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவுதான் என்று நானே என் பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்தார்.

"பைய மாட்டிக்கிட்டு நிக்கிறியே, மதுரை பஸ்ஸு போயிருமுல்ல? போயி கொண்டாந்துரு. சாயங்காலமும் நல்ல நேரம் இருக்கு."

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அவர் 'கெளம்பிரு' என்று சொல்லவே இல்லை என்பது உறைத்தது. காரியாபட்டி தாண்டும்வரை அழுதுகொண்டே போனேன்.