என் பெயர் உள்ள வரிசை

வீட்டைப் பூட்டிவிட்டுக் கதவை மூன்று முறை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். சிங்கப்பூரில், தோ பாயோவில் பஸ் ஏறிய பிறகும் மனம் பூட்டிலேயே இருக்கும். இந்தப் புத்திக்கும் சம்பளம் கொடுக்கிற வேலை ஒன்று உண்டு: மென்பொருள் சோதனை.

தேக்காவுக்குப் பக்கத்தில், ஒரு கடைவீட்டின் மாடியில் எங்கள் அலுவலகம். கிளினிக்குகளில் அடுத்து யார் என்று காட்டும் பட்டியலைச் செய்கிறோம். நோயாளிகள் வரவரப் பெயர்கள் மேலும் கீழும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். அதை ஆள் வைத்துச் சோதித்து மாளாது. ஒரு நிரல் தானாக பிரவுசரைத் திறந்து, பட்டியலில் ஒரு பெயரைத் தேடி, அந்த வரிசையின் பொத்தானை அழுத்தி, சரியான ஆளின் பக்கம் திறக்கிறதா என்று பார்க்கும். திறந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு.

சென்னையிலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி அதைத் தினமும் ஓட்டுவாள். சிவப்பு வந்தால் மூச்சு விடாமல் மறுபடி ஓட்டுவாள். பச்சை வரும். அறிக்கையில் பச்சை மட்டும் ஏறும். நான் இரண்டு மேசை தள்ளி, கோப்பி குடிக்கிற மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் திரையைச் சட்டென்று மூடினால் குறித்துக்கொண்டேன். போனில் தணிந்த குரலில் பேசினால் அதையும்.

"ஏம்மா, இப்பதானே ரெட் வந்துச்சு? எங்க போச்சு லா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பேஷண்ட் லிஸ்ட் டேபிள் லோட் ஆக லேட் ஆகுது போல சார். ரெண்டாவது தடவை சரியா வந்துடுது."

நான் நம்பவில்லை. அவள் ப்ரொபேஷன் முடிய ஒரு வாரம் இருந்தது. வேலை உறுதியாகாவிட்டால் இங்கே தங்கி வேலை செய்யும் பாஸ் போய்விடும், ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அது தெரிந்தேதான் மேலாளரிடம் போய், முடிவுகளை மறைக்கிறாள் என்றேன். அவர் அவளுடைய ஃபைலைத் தனியாக எடுத்து வைத்தார்.

கையும் களவுமாகப் பிடிக்க, மறுநாள் நானே உட்கார்ந்து ஓட்டினேன். நான்காவது முறை சிவப்பு. அப்படியே நிறுத்திப் பட்டியலைப் பார்த்தேன். சோதனைக்கான போலி நோயாளிகளைச் சேர்த்தவன் நான். பெயர் யோசிக்கச் சோம்பல்பட்டு என் பெயரைப் போட்டிருந்தேன், கூடவே மகளையும். அவள் அடையாள அட்டையில் உள்ளபடியே, அவள் பெயர், 'டாட்டர் ஆஃப்', அதன்பின் என் பெயர். என் பெயர் எந்த வரிசையில் முதலில் கண்ணில் படுகிறதோ அதை அழுத்து என்று நிரலில் எழுதியவனும் நானே. நான் மேலே இருந்தால் பச்சை. பட்டியல் மாறி மகள் மேலே வந்துவிட்டால், அவள் வரிசையிலும்தான் என் பெயர் இருக்கிறதே, நிரல் அவளை அழுத்திவிடும். சிவப்பு.

வெட்கம் பிடுங்கித் தின்றது. மேலாளரிடம் ஓடினேன். நல்லவேளை, அவளை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதம் இன்னும் போகவில்லை. மறுபடி ஓட்டியதை அறிக்கையில் எழுதாதது மட்டும்தான் அவள் தப்பு என்று சொன்னேன். வேலை உறுதியானது.

நான் போட்டுக்கொடுத்த விஷயத்தை அவளிடம் சொல்லாமலே இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை, சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"இத்தனை நாளா என்னையே பாத்துட்டு இருந்தீங்களே சார், ஒரு தடவை அந்த டேபிளைப் பாத்திருக்கலாம்ல?"