மூன்றாம் எஞ்சினில் ஒரு பள்ளம்

காலை ஏழரைக்கெல்லாம் சிறு இரும்புப் பாலத்தைத் தாண்டிப் பெட்டிக்குள் போய், இடது இருக்கையில் உட்கார்ந்து, நாலு எஞ்சினையும் ஒவ்வொன்றாக எழுப்பிக்கொண்டிருப்பார் எமனக்கா. ஆறு இரும்புக் கால்கள் தூக்கிப் பிடித்திருக்கும் அந்த வெள்ளைப் பெட்டியை வெளியிலிருந்து பார்த்தால், யாரோ பாதி வேலையில் விட்டுப்போன தண்ணீர்த் தொட்டி என்றுதான் தோன்றும். உள்ளே ராணுவத்தின் பெரிய சரக்கு விமானத்தினுடைய விமானி அறை, ஒரு திருகாணி குறையாமல் இருக்கும். கண்ணாடிக்கு வெளியே தெரியும் ஓடுபாதையும் மலையும் மேகமும் திரையில் ஓடும் படம். பைலட்டுகள் பயிற்சிக்கு வருமுன் எமனக்கா தனியாக அதைக் கிளப்பி, ஒரு வட்டம் சுற்றி, இறக்கிப் பார்த்து, பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்குக் கதவு திறக்கும்.

"தரைய விட்டு ஒரு சாண் மேல போனதில்ல. ஆனா நாலாயிரம் தடவ எறக்கியிருக்கேன்" என்பார். பெருமையாகச் சொல்கிறாரா, அலுத்துக்கொள்கிறாரா என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

பைலட்டுகளின் முதுகுக்குப் பின்னால் அவருடைய மேசை, அதில் இரண்டு திரைகள். மூடுபனி, பக்கக் காற்று, பிடிக்காத பிரேக், எரியும் எஞ்சின் எல்லாமே ஒரு விரல் தொடுகையில் கிடைக்கும். உயிரை எடுப்பதால் எமன், எடுத்து முடித்துவிட்டு "டீ குடிச்சீங்களா?" என்று கேட்பதால் அக்கா. பெயர் வைத்தவர்கள் பைலட்டுகள்தான். ஹெட்செட்டில் அவர் ஒருவரே மூன்று பேர். கண்ட்ரோல் டவராக விறைப்பாகப் பேசுவார். தரை மெக்கானிக்காக இழுத்துப் பேசுவார். பின்னால் சரக்கோடு நிற்கும் ஆளாகப் பதறுவார். ஒருமுறை அவருக்குத் தொண்டை கட்டியபோது, "இன்னைக்கு ஏர்போர்ட்டுக்கே ஜலதோஷம்" என்று சிரித்தார்கள்.

வீட்டுக்காரர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்.

"இன்னைக்கு எத்தன பேரு?"

"ரெண்டு பேருங்க. ஒருத்தரு கடைசி நேரத்துல தப்பிச்சிட்டாரு."

"நான் நாள் பூரா ஏத்துனவங்கள பத்திரமா எறக்கி விட்டுட்டு வர்றேன். நீ என்னடான்னா கொன்னுட்டு வந்து கொழம்பு கொதிச்சிதாங்குற."

"இங்க செத்தாத்தாங்க அங்க பொழைப்பாங்க."

இன்னொரு விசித்திரமும் உண்டு. சரக்கறையில் எவ்வளவு எடை என்று டன் கணக்கில் சொன்னால் இயந்திரத்துக்குப் போதும். எமனக்கா அங்கே ஆட்களை ஏற்றுவார். தொண்ணூற்றிரண்டு சிப்பாய்கள், நாலு ஸ்ட்ரெச்சர், ஒரு டாக்டர் என்று பட்டியல் தட்டுவார். விமானம் விழுந்தால் திரை சிவந்து உறைந்து நிற்கும். உடனே அடுத்த ஆட்டத்துக்குப் போகமாட்டார். பத்து எண்ணும் நேரம் அப்படியே விட்டுவிட்டு, "பின்னால தொண்ணூத்தேழு பேரு சார்" என்பார். இளசுகள் முகம் சுளிக்கும். "அக்கா, இது வெறும் கணக்குதானே?" என்று கேட்ட ஒருவனுக்குக் கிடைத்த பதில்: "மெஷினுக்குக் கணக்குப்பா. எனக்கு ஆளு."

அவர் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்த முதல் ஆள் அவர்தான். வயர் பற்றவைக்கும் வேலையில் சேர்ந்து, வேலைக்கு நடுவே டிப்ளமா முடித்து, இந்த மேசைக்கு வந்தவர். எட்டு வருடத்துக்கு முன், இன்னும் பெரிய படிப்புப் படித்த ஒருவரை அங்கே உட்கார்த்த நிர்வாகம் முடிவு செய்தபோது, "இந்தம்மா இல்லாத பெட்டிக்குள்ள நான் கால் வைக்க மாட்டேன்" என்று மேலிடம் வரை போய்ச் சொன்னவர் பஞ்சு கேப்டன். அவர் விமானத்தை இறக்கினால் பின்னால் தூங்குகிறவர்கள் விழிக்கமாட்டார்கள், அதனால் பஞ்சு. அவர் ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருந்தது. அதற்குள்தான் அந்தப் பரீட்சை வந்தது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாப் பைலட்டும் பெட்டிக்குள் தேற வேண்டும். தேறாதவர் நிஜ விமானத்தைத் தொட முடியாது. பஞ்சு கேப்டனின் முறை வந்த அன்று பரீட்சை அதிகாரி எமனக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முழுச் சுமை. சக்கரம் தரையை விட்டதும் எமனக்கா இரண்டாம் எஞ்சினில் தீ வைத்தார். இழுத்தால் எஞ்சினை நிறுத்தித் தீயை அணைக்கும் பிடிகள், நாலு எஞ்சினுக்கும் நாலு, இரண்டு பைலட்டுகளுக்கும் நடுவில் வரிசையாக நிற்கும். எரியும் எஞ்சினின் பிடியில் கேப்டன் கை வைக்க வேண்டும். பக்கத்திலிருக்கும் கோ-பைலட் எண்ணைச் சொல்லி உறுதி செய்ய வேண்டும். அப்புறம்தான் இழுக்க வேண்டும். "ரெண்டு சார்" என்ற கோ-பைலட்டின் குரல் ஹெட்செட்டில் கேட்டது. தீ அணைந்தது. விமானம் மூன்று எஞ்சினில் ஏறி, சுற்றி வந்து, பஞ்சாக இறங்கியது. அதிகாரி தாளில் 'தேர்ச்சி' என்று எழுதி நீட்டிவிட்டு, "கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்கம்மா" என்று சொல்லிப் போனார்.

அந்தத் தாளின் அடியில் 'இயக்குபவர் குறிப்பு' என்று ஒரு கட்டம். எமனக்கா அதில் எழுதுமுன் எப்போதும் மெஷின் பதிவு செய்த எஞ்சின் வரைபடத்தை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார். தீப்பிடித்தது இரண்டாம் எஞ்சின். ஆனால் அது அணைக்கப்படுவதற்கு முன், மூன்றாம் எஞ்சினின் கோட்டில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. ஒன்றரை விநாடி. நல்லாயிருந்த எஞ்சினின் பிடியை யாரோ இழுக்கத் தொடங்கி, விட்டிருக்கிறார்கள்.

இதே பள்ளத்தை அவர் முன்பும் பார்த்திருந்தார். பழைய பதிவேட்டைப் புரட்டினார். ஆறு மாதத்துக்கு முன், இதே கேப்டனின் பரீட்சை நாளில், எமனக்காவின் கையெழுத்திலேயே இருந்தது: 'மூன்றாம் பிடியின் சென்சார் பழுது. மாற்றப்பட்டது.'

கழற்றிய சென்சார் அலமாரியில்தான் கிடந்தது. எடுத்துச் சோதனை மேசையில் பொருத்தினார். ஒருமுறைக்கு ஐந்துமுறை பார்த்தார். இம்மி பிசகாமல் வேலை செய்தது. பதினெட்டு வருடமாக "மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்று எல்லாருக்கும் சொன்னவர், மெஷின் உண்மை சொன்ன ஒருநாளில் அதன் வாயை அடைத்திருக்கிறார். காரணம் வேறொன்றுமில்லை. பஞ்சு கேப்டனின் கை தவறும் என்று அவர் நினைத்தே பார்க்கவில்லை.

கோ-பைலட் கதவருகே நின்றுகொண்டிருந்தான்.

"பாத்துட்டீங்களா அக்கா?"

"நீதான் கைய எடுத்து வெச்சியா?"

"போன தடவ மாதிரியே லேசா தள்ளினேன். அவருக்கே தெரியாது. தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாரு. இன்னும் ஒன்றரை வருஷம்தான். பக்கத்துல நாங்க யாராவது இருக்கோம்ல, விட்டுருங்களேன்."

"எப்பவும் நீதான் பக்கத்துல இருப்பியா?"

அவன் கதவைத் திறந்தான். "உங்க பேரும்தான் கெடும், பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். மிரட்டலாகச் சொல்லவில்லை. அது உண்மையும்கூட. இன்றையதை எழுதினால் ஆறு மாதத்துக்கு முந்தையதும் வெளியே வரும்.

பஞ்சு கேப்டன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு விடைபெற வந்தார்.

"என்னம்மா, இன்னைக்கு எமன் ஏமாந்துட்டாரா?"

"உக்காருங்க சார்."

இன்றைய வரைபடத்தையும் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கேப்டன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"நான் ரெண்டத்தானே இழுத்தேன்."

"அப்புறமா இழுத்தீங்க சார்."

கேப்டன் மற்ற வரைபடத்தின்மேல் விரலை வைத்தார்.

"இது எப்போ?"

"போன பரீட்சையில. மெஷின் மேல பழியப் போட்டேன். நீங்கன்னு தோணல."

"அதுக்கப்புறம் முப்பத்தோரு தடவ பறந்துட்டேம்மா" என்றார் கேப்டன். எண்ணிப் பார்க்க அவருக்கு நேரம் எடுக்கவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, தாளைத் தன் பக்கம் இழுத்தார். "நானே எழுதித் தந்துடறேன். இன்னைக்குதான் மொத தடவன்னு இருக்கட்டும். உங்க பேச்சே வராது."

எமனக்கா தாளின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"அது என் கட்டம் சார்."

கேப்டன் கையை எடுத்தார். எமனக்கா நிறுத்தி நிதானமாக, இன்றைய பள்ளத்தை முதலிலும் பழைய பள்ளத்தை அடுத்தும் எழுதினார். கட்டம் போதாமல் தாளின் ஓரத்திலும் எழுதினார். அவர் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை கேப்டன் எழுந்து போகவில்லை.

இது நாலு மாதத்துக்கு முந்தைய கதை. பஞ்சு கேப்டன் இப்போது பறப்பதில்லை; ஓடுபாதைப் பக்கத்து அலுவலகத்தில் பயண அட்டவணை போடுகிறார். எமனக்காவுக்கு எழுத்தில் ஒரு கண்டிப்பு வந்தது. இந்த வருட ஊதிய உயர்வு நின்றுபோனது. மேசை போகவில்லை. கோ-பைலட் வேலைக்கு வேண்டியதைத் தவிர அவரோடு பேசுவதில்லை. இப்போதெல்லாம் எஞ்சினில் தீ வைக்கும் கணத்தில் எமனக்கா திரையைப் பார்ப்பதில்லை. இருக்கையிலிருந்து பாதி எழுந்து, பைலட்டின் தோளுக்கு மேலாகக் கழுத்தை நீட்டி, அவருடைய கை எந்தப் பிடிக்குப் போகிறது என்று பார்க்கிறார்.