சுவரில் இரண்டாவது கடிகாரம்

என் மனைவிக்கு ஏழு மாதம் தவறான நேரம் சொன்னேன். தெரிந்தேதான் சொன்னேன்.

எங்கள் ஒரே மகள் எனக்குப் பிடிக்காத ஒருவனைத் திருமணம் செய்துகொண்டு கலிஃபோர்னியாவுக்குப் போனாள். ஒருநாள் அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே அழைப்பைத் துண்டித்தேன். "இனி அப்பா நம்பருக்கு நானாகக் கூப்பிட மாட்டேன், அம்மாவே கூப்பிடட்டும்" என்று அன்றே எழுதி அனுப்பினாள். வீட்டில் இணையம் உள்ள கைபேசி என்னுடையது ஒன்றுதான். மனைவியிடம் இருந்தது பழைய பட்டன் போன்.

மகளோடு பேசாதே என்று மனைவியிடம் நான் ஒருபோதும் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது படித்தவனுக்கு அழகில்லை என்று நினைத்தேன். அவள் நேரம் கேட்டபோது பொய் சொன்னேன், அவ்வளவுதான்.

"ஏங்க, அங்க இப்ப மணி என்ன இருக்கும்?"

காலை என்றால், "நடு ராத்திரி. தூங்குவா." மாலை என்றால், "மீட்டிங்ல இருப்பா." ஞாயிற்றுக்கிழமை என்றால், "அங்க இன்னும் சனிக்கிழமைதான், வெளிய போயிருப்பாங்க." அவள் தலையாட்டிவிட்டுக் கைபேசியை மேசையிலேயே வைத்துவிடுவாள். பெங்களூரு பீன்யாவில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு பேச நேரம் குறித்துக் கொடுத்தவன் நான். அந்தக் கணக்கில் என்னைச் சந்தேகிக்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஜனவரியில் ஒரு காலை, எட்டரை மணி. எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் குடியிருப்பில் எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்று தன் மகனோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். அவனும் கலிஃபோர்னியாவில்தான் இருக்கிறான். "ஊட்டா ஆய்த்தா?" என்று, சாப்பிட்டாயா என்பதைக் கன்னடத்தில் அவர் கேட்டது உள்ளே வரை கேட்டது. குப்பை வைக்கப் போன என் மனைவி எட்டிப் பார்த்திருக்கிறாள்.

"அங்கே சாயங்காலம் ஏழு மணிம்மா. ஆபீஸ் முடிச்சு வந்து சாப்பிடறான்" என்றார் அவர்.

மனைவி உள்ளே வந்து என் முன்னால் நின்றாள்.

"ஏங்க, அங்க இப்ப மணி என்ன?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "விடியக்காலை மூணு" என்றேன்.

"அப்ப எதிர்வீட்டுப் பையன் மூணு மணிக்கா சப்பாத்தி திங்கிறான்?"

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவள் திட்டவில்லை. கைபேசியை என்னிடம் நீட்டி, "போடுங்க" என்றாள்.

திரையில் மகள் வந்தாள். "இப்பத்தான் ஞாபகம் வந்துச்சாம்மா?" என்றாள். அவள் எழுந்து நின்றபோது வயிறு தெரிந்தது. ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. தாய் கையால் வளையல் போட்டு வளைகாப்பு நடத்த வேண்டிய மாதம். மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் மன்னிப்புக் கேட்க அருகே போனேன். "அம்மாகிட்ட குடுங்க" என்றாள் மகள்.

அன்று மாலை மனைவி ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கி வந்தாள். எதிர்வீட்டு அம்மாவிடம் கொடுத்து அமெரிக்க நேரம் வைக்கச் சொல்லி, எங்கள் கடிகாரத்தின் பக்கத்தில் மாட்டினாள். அதன்பின் அவள் என்னிடம் நேரமே கேட்டதில்லை.

மார்ச் மாதம் பிரசவத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். அறுவை சிகிச்சை. அங்கே திங்கள் காலை. "நான் அஞ்சரைக்கு ரெடியா இருப்பேன். ஆறு மணிக்குக் கிளம்பிடுவோம், அப்புறம் பேச முடியாது. அதுக்குள்ள கூப்பிடும்மா" என்று முந்தைய நாள் சொல்லியிருந்தாள். இரண்டாவது கடிகாரம் ஐந்தரை காட்டும்போது நமக்குத் திங்கள் மாலை ஏழு மணி.

அன்று மாலை ஆறு மணிக்கு, தேதியைப் பார்த்தபோது எனக்குச் சுருக்கென்றது. மார்ச்சின் இரண்டாவது ஞாயிறு முடிந்திருந்தது. அந்த ஞாயிறன்று அவர்கள் ஊரில் எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். நம் சுவரில் இருந்ததை யாரும் தள்ளவில்லை. அது நாலரை என்றது. அங்கே ஐந்தரை ஆகிவிட்டது.

"உடனே கூப்பிடு" என்றேன்.

"இன்னும் நாலரைதான். புள்ள தூங்கட்டும்."

"அங்க நேரத்தை மாத்திட்டாங்க. ஒரு மணி நேரம் கூடிப்போச்சு."

"மறுபடியுமா?"

"கைபேசியில பாரு, சரியான மணி காட்டுது."

"அதுவும் உங்க போன்தானே."

எதிர்வீட்டில் கேட்கலாம் என்று ஓடினேன். பூட்டியிருந்தது. மைசூரு போயிருந்தார்கள். திரும்பி வரும்போது ஆறேகால். நானே அழைத்தால் மகள் என்னோடு பேசுவாளா என்பதும் நிச்சயமில்லை. மனைவி கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு இரண்டாவது கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் தரையில் அவள் எதிரே உட்கார்ந்தேன். "என்னை நம்ப வேண்டாம். ஒரே ஒரு தடவை போட்டுப் பாரு. அவ தூங்கிட்டிருந்தா, இனி நான் இந்த வீட்டுல வாயே திறக்கல."

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அழைத்தாள். முதல் மணியிலேயே மகள் எடுத்தாள். தலை வாரி, காலணி போட்டு, பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"எங்கம்மா போன? இன்னிக்கும் கூப்பிட மாட்டேன்னு நினைச்சேன்."

"கடிகாரம் தப்பாயிடுச்சு பாப்பா. உங்கப்பாதான் சொன்னாரு."

நான் கதவோரம் போய் நின்றுகொண்டேன். பிறகு இருவரும் கிளம்பும் நேரம் வரை பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பெண் குழந்தை. மருமகன்தான் தகவல் சொன்னார். அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை "நன்றி."

எதிர்வீட்டு அம்மா மைசூரிலிருந்து வந்ததும், அவரிடம் கேட்டுவிட்டுத்தான் மனைவி இரண்டாவது கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தாள். அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சில நாள் கழித்து ஒரு காலை என் கைபேசி தானாக ஒலித்தது. மகளின் எண். ஒன்பது மாதத்துக்குப் பிறகு முதல் முறை. நான் எடுக்கவில்லை. ஒலிக்க ஒலிக்கவே சமையலறைக்குக் கொண்டுபோய் நீட்டினேன். மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, கூடத்துக்கு வந்து, முதலில் இரண்டாவது கடிகாரத்தைப் பார்த்தாள். அதன் பிறகே எடுத்தாள்.