அம்மா வரலையா?

அந்தக் குடியிருப்பில் எல்லோரும் அவரை லிப்ட்காரர் என்றுதான் சொல்வார்கள். அடுக்குமாடிகளில் லிப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். பாதி வழியில் நின்றுபோன லிப்டுக்குள் மாட்டிக்கொண்டு தவிக்கிறவர்களிடம், வெளியில் நின்றபடியே பேச்சுக் கொடுப்பதில் கெட்டிக்காரர். கதவைத் திறப்பதற்குள் உள்ளே இருப்பவரைச் சிரிக்கவும் வைத்துவிடுவார்.

அவர் மனைவி மெட்ரோ ரயில் ஓட்டுகிறவர். மகள் பிறந்து, மனைவியின் விடுப்பு முடிந்ததும் குழந்தையைக் காப்பகத்தில் விட்டுப் பார்த்தார்கள். ஒத்துவரவில்லை. வாரத்துக்கு ஒரு சளி, அதன் பின்னாலேயே இழுப்பு. அழைப்பு எப்போது வந்தாலும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற வேலை அவருடையது. மனைவியுடையதோ நிரந்தர வேலை. யாராவது ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் வாயைத் திறந்து சொல்லத்தான் ஆளில்லை. ஒருநாள் காலை குழந்தைத் துணிகளைப் பிழிந்துகொண்டே அவர்தான் சொன்னார், "நான் இருக்கேன்" என்று. விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று மனைவி அவர் முகத்தைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

விஷயம் தெரிந்ததும் அவர் அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டார். உடம்புக்கு ஏதாவதா என்று முதலில் கேட்டார். வேலையிடத்தில் சண்டையா என்று அடுத்துக் கேட்டார். இரண்டும் இல்லை என்றதும் குழம்பிப்போனார்.

"அப்புறம் எதுக்குடா வீட்டுல இருக்கே?"

"குழந்தையப் பாத்துக்கத்தாண்ணே."

"அது சரி. வேலைக்கு என்ன பண்றே?"



இந்த வேலையை அவர் கற்றுக்கொண்டது தட்டுத் தடுமாறித்தான். முதல் வாரத்தில் பால் பொங்கி அடுப்பு நாறியது. சட்டைக்குள் தலை எந்த ஓட்டை, கை எந்த ஓட்டை என்பது பிடிபடுவதற்குள் குழந்தை அழுது ஓய்ந்துவிடும். போகப் போகச் சரியாயிற்று. சிட்டு என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள் மகளை. எந்த அழுகை பசிக்கு, எது தூக்கத்துக்கு, எது வெறும் அடத்துக்கு என்று அடுத்த அறையிலிருந்தே அவரால் சொல்ல முடிந்தது. இரண்டு வயது நெருங்கியபோது சிட்டு வாயில் சோறு வைத்துக்கொண்டே கதை கேட்கிற ஆளாகிவிட்டாள். கதையை நிறுத்தினால் வாயையும் மூடிக்கொள்வாள்.

வீட்டுக்குள் எல்லாம் நன்றாகத்தான் போனது. வெளியேதான் சிக்கல். தடுப்பூசி போடப் போனால் நர்ஸ் அவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "அம்மா வரலையா?" என்பார். அம்மா வரமாட்டார் என்று சொன்னாலும், அடுத்த கேள்வியைப் பாதி அவரிடமும் பாதி வாசலிடமும்தான் கேட்பார். மளிகைக் கடையில் ஒரு பெண்மணி பார்க்கும்போதெல்லாம், "இன்னைக்கு உங்க டியூட்டியா?" என்பார். "இன்னைக்கும்" என்று இவர் சொல்லுவார். அந்த 'உம்' அந்த அம்மாவின் காதில் ஏறியதே இல்லை.

பூங்காவில் யாரும் கேள்வி கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. சறுக்குமரத்தைச் சுற்றி இருந்த பெஞ்சுகள் எல்லாம் அம்மாக்களுக்கு. இவர் போய் உட்கார்ந்தால் பேச்சு சட்டென்று தணியும். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறவர்கள் சங்கடப்படுவார்களே என்று அவரே எழுந்து ஓரத்து பெஞ்சுக்குப் போய், மதிலைப் பார்த்து உட்காருவார். மற்ற குழந்தைகள் ஓடிவந்தால் தொடமாட்டார். ஒருமுறை ஒரு சிறுமி அவர் காலடியிலேயே தடுக்கி விழுந்தாள். தூக்கிவிட நீண்ட கையை அவர் பாதியில் இழுத்துக்கொண்டார். அன்று முழுக்க அந்தக் கையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தார். தொல்லை கொடுக்கக்கூடாது என்று அவர் ஒதுங்க ஒதுங்க, ஓரமாக உட்கார்ந்து குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆள் என்று அவர்மேல் இன்னும் நாலு கண் கூடுதலாக விழுந்தது.

ஒரு வியாழக்கிழமை சிட்டுவுக்கு வயிறு சரியில்லை. அது பூங்காவுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. டயப்பரை மீறிக் காலில் வழிந்தது. வீடு வரை தூக்கிப் போகிற நிலையில் அவள் இல்லை. உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு அலறினாள். பூங்காவின் கழிப்பறையில் குழந்தைக்குத் துணி மாற்ற ஒரு மேசை உண்டு. ஆனால் அது பெண்கள் பக்கம். ஆண்கள் பக்கம் தரையெல்லாம் தண்ணீர், கால் வைக்கவே இடமில்லை. வேறு வழி தெரியாமல் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த கல் பெஞ்சில் துண்டை விரித்து, சிட்டுவைப் படுக்கவைத்தார்.

அந்த நேரம் பார்த்து, கைக்குழந்தையைத் தோழியிடம் கொடுத்துவிட்டு, மகனின் பந்தைத் தேடிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார் ஒரு டீச்சர். பள்ளியில் கணக்கு நடத்துகிறவர். இரண்டாவது குழந்தைக்காக விடுப்பில் இருந்தார். அவர் கண்ணில் பட்டது இவ்வளவுதான்: ஆள் நடமாட்டமில்லாத இடம், ஓர் ஆண், கதறி அழுகிற ஒரு பெண் குழந்தை, பாதி கழற்றிய உடுப்பு.

"ஏய், யாரு நீ? குழந்தைய விடு!"

கடைசி பெஞ்சு வரை கேட்டுப் பழகிய குரல் அது. பூங்கா முழுக்கக் கேட்டது. நாலைந்து பேர் ஓடிவந்தார்கள். டீச்சர் துண்டோடு சேர்த்துக் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டார். என் பொண்ணுங்க, என் பொண்ணுங்க என்று இவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

காவலாளி வந்தார். நிதானமான மனிதர். குழந்தையிடமே கேட்டுவிடலாம் என்று குனிந்து, "பாப்பா, இவரு யாரும்மா?" என்றார். இத்தனை முகங்களைப் பார்த்து மிரண்டுபோயிருந்த சிட்டு, "அம்மா" என்று அழுதாள். எல்லோர் முகமும் இறுகியது.

லிப்ட்காரர் மனைவிக்குப் போன் போட்டார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ரயில் ஓட்டும்போது போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும் என்பது விதி. அதைச் சொன்னபோது, அவருக்கே அது சாக்குப்போக்குபோல் கேட்டது. போனில் இருந்த படங்களைக் காட்டினார். சிட்டு தவழ்கிறாள், சிட்டு நிற்கிறாள், சிட்டு அம்மா மடியில் தூங்குகிறாள். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. ஒன்றில்கூட அவர் இல்லை. எல்லாப் படத்தையும் எடுத்தவர் அவர்தானே.

கோபம் தலைக்கு ஏறியது. ஆனால் இப்போது குரலை உயர்த்தினால் காரியம் கெட்டுவிடும் என்று தெரிந்தது. இருந்த இடத்திலேயே தரையில் குந்தி உட்கார்ந்தார். பூட்டிய லிப்டுக்கு வெளியே நின்று பேசுகிற அதே குரலில், "சிட்டு, ஈரமா இருக்கா? அப்பா மாத்திவிடட்டுமா?" என்றார். வேறு யாரையும் பார்க்கவில்லை. சிட்டு டீச்சரின் கையிலிருந்து நழுவி, விழாத குறையாக அவரிடம் தாவினாள். கழுத்தில் முகத்தைப் புதைத்து, அவர் காது மடலைப் பிடித்துத் திருகிக்கொண்டே விம்மினாள்.

"விடுங்கம்மா, பாத்தாலே தெரியுது" என்றார் காவலாளி.

கூட்டம் கலைந்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. எதற்கும் உஷாராகத்தானே இருக்க வேண்டும் என்று யாரோ யாரிடமோ சொல்லிக்கொண்டு போனார்கள். அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். குளிப்பாட்டி, புது டயப்பரை ஒட்டிவிட்டு, வாசல் கதவைத் தாழிட்டார்.

மனைவியிடம் சொல்லவில்லை. பூங்காவுக்கும் போகவில்லை. சிட்டு செருப்பைக் கையில் எடுத்து வந்து வாசல் கதவைத் தட்டுவாள். நாளைக்குப் போகலாம் என்பார். சில நாட்களில் அவள் தட்டுவதையும் விட்டுவிட்டாள். குழந்தையின் செருப்பில் மண்ணே இல்லாததை மனைவிதான் கவனித்தார். என்ன ஏது என்று விடாமல் கேட்டபோது, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது. அந்தப் பொம்பளை யாரென்று காட்டு, நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்தார்.

"வேணாம். அவங்க கத்துனது தப்பில்ல" என்றார் இவர். "நம்ம சிட்டுவ எவனாவது அப்படி வச்சிருந்தா, பாக்கறவங்க கத்தணும்னுதானே நினைப்போம்?"

"அப்ப தப்பு யாரோடது? உன்னோடதா?"

அவர் யோசித்தார். அத்தனை நாளும் அந்தக் கேள்விக்குத் தானே பதில் என்றுதான் மனதுக்குள் வைத்திருந்தார். இப்போது வாய் வேறு ஒன்றைச் சொன்னது.

"அந்த மேசையோடது. அது எந்தப் பக்கம் இருக்குன்னு பாரு."

மனைவி சிரித்துவிட்டார். பிறகு, "அப்ப போய்க் கேளு" என்றார்.

அடுத்த நாள் பூங்கா அலுவலகத்துக்குப் போனார், சிட்டுவை இடுப்பில் வைத்துக்கொண்டு. மேற்பார்வையாளருக்கு முதலில் பிரச்சினையே விளங்கவில்லை. பெண்கள் பக்கம்தான் மேசை இருக்கிறதே என்றார். நான் பெண்ணில்லையே என்றார் இவர். அப்படியானால் வீட்டம்மாவைக் கூட்டி வாருங்கள் என்று யோசனை சொன்னார் மேற்பார்வையாளர். வீட்டம்மா அந்நேரத்தில் நிலத்துக்கு அடியில் ரயில் ஓட்டிக்கொண்டிருப்பார் என்று இவர் பொறுமையாக விளக்கினார். பார்க்கலாம் என்று பதில் வந்தது. அந்தப் பார்க்கலாமுக்காக அவர் மறுபடி போனார். அதற்கு அடுத்த வாரமும் போனார். அலுவலகத்துக்கு வந்த கையோடு சிட்டுவை ஊஞ்சலுக்கும் கூட்டிப்போக வேண்டியிருந்ததால், பூங்காவுக்குப் போவதும் தானாகவே திரும்பத் தொடங்கிவிட்டது.

அப்படி ஒருநாள் ஓரத்து பெஞ்சில் இருந்தபோது டீச்சர் நேராக அவரிடம் வந்தார். தோளில் கைக்குழந்தை.

"அன்னைக்கு நடந்ததப் பத்தி உங்ககிட்ட பேசணும்னு இருந்தேன். உங்களக் காணோம்" என்றார். குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார். "கத்துனதுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேங்க. நாளைக்கு இன்னொருத்தன் வந்தாலும் கத்துவேன். ஆனா, உங்க பொண்ணுதான்னு தெரிஞ்சதுக்கப்புறமும் வாயத் தொறக்காம போனேன் பாருங்க, அது என்னைத் தூங்க விடல."

அவர் பெஞ்சில் நகர்ந்து இடம்விட்டார். பிறகு, "கத்துங்க. ஆனா அடுத்த தடவை, கத்துறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கத்துங்க" என்றார்.

டீச்சர் சிரித்தார். ஏன் அங்கே வைத்து மாற்றினீர்கள் என்று கேட்டார். மேசை விஷயத்தையும், மேற்பார்வையாளர் சொல்கிற 'பார்க்கலாம்' விஷயத்தையும் இவர் சொன்னார். பெண்கள் பக்கம் தினமும் போய்வருகிற டீச்சருக்கு, அடுத்த பக்கம் மேசை இருக்கிறதா இல்லையா என்று யோசிக்க ஒரு நாளும் நேர்ந்ததில்லை. அவர் வீட்டுக்காரர் ஏன் குழந்தையைத் தனியாகப் பூங்காவுக்குக் கூட்டிவர மறுக்கிறார் என்பதும் அந்த நிமிடத்தில்தான் அவருக்குப் புரிந்தது. சோம்பேறித்தனம் என்று இத்தனை நாளும் வீட்டில் ஒரு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாராம்.

லிப்ட்காரரும் டீச்சருமாக அலுவலகத்துக்குப் போனார்கள். டீச்சர் பேசிய பேச்சை முழுதாகச் சொல்ல இடம் போதாது. அந்தக் குரலை அடுத்த அறையிலிருந்தவர்களும் எழுந்துவந்து கேட்டார்கள் என்று மட்டும் சொல்லலாம். காவலாளியின் அறைக்குப் பக்கத்தில், கிழிந்த ரப்பர் குழாய்களும் உடைந்த பூத்தொட்டிகளும் போட்டுவைத்திருந்த சின்ன அறை ஒன்று இருந்தது. அதைக் காலி செய்தார்கள். சுவரில் மடக்கி விரிக்கிற மேசை ஒன்று பொருத்தினார்கள். மூலையில் ஒரு கைகழுவும் தொட்டி. அம்மா, அப்பா, தாத்தா, யார் வேண்டுமானாலும் போகலாம். முதல் வாரத்திலேயே டீச்சரின் வீட்டுக்காரர் மகனோடும் கைக்குழந்தையோடும் தனியாக வந்து இறங்கினார், பரீட்சைக்கு வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று சொல்லமுடியாது. இவர் சறுக்குமரத்தருகே வந்தால் தன் மகளின் கையைப் பிடித்து அப்பால் அழைத்துப்போகிற ஒரு தாய் இன்னும் இருந்தார். முன்பென்றால் அது இவரை நாள் முழுக்க அரித்திருக்கும். இப்போது, அந்த அம்மாவுக்கு என்ன அனுபவமோ, நமக்கு என்ன தெரியும் என்று விட்டுவிடக் கற்றுக்கொண்டார். ஆனால் மதிலைப் பார்த்து உட்காருவதை நிறுத்திவிட்டார்.

ஒருநாள் டீச்சரின் கைக்குழந்தைக்குத் திடீரென்று காய்ச்சல் ஏறியது. எதிரே தெருவைக் கடந்தால் டாக்டர். மூத்தவனோ மணலை விட்டு வரமாட்டேன் என்று அடம். டீச்சர் சுற்றும்முற்றும் பார்த்தார். அங்கே தெரிந்த பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர் லிப்ட்காரரிடம் வந்தார்.

"இவனக் கொஞ்ச நேரம் பாத்துக்கறீங்களா?"

சரி என்று தலையாட்டிவிட்டாரே தவிர, உள்ளுக்குள் பயம்தான். பையன் அழுதால்? விழுந்தால்? யாராவது புதிதாகப் பார்க்கிறவர்கள் ஏதாவது நினைத்தால்? நினைத்த மாதிரியே ஆயிற்று. பையன் சறுக்கில் தலைகீழாக வந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு ஓவென்று அலறினான். ஒரு கணம்தான். அவர் ஓடிப்போய்த் தூக்கினார். மடியில் உட்காரவைத்து, மண்ணைத் தட்டி, ஊதிவிட்டார். முகம் தெரியாத ஒரு பெண் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். இன்னொருவர் பிளாஸ்திரி தந்தார். சிட்டு அந்தப் பையனின் தலையைத் தடவி, தன்னிடம் அவர் சொல்கிற அதே தொனியில், "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றாள். டீச்சர் திரும்பி வந்தபோது முட்டியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், இதெல்லாம் இவனுக்குத் தினமும் நடக்கிறதுதான் என்று சொல்லிவிட்டு, டாக்டர் சொன்னதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

அடுத்த வாரம் நடு பெஞ்சில் அவருக்கு இடம் ஒதுக்கி உட்காரவைத்தார்கள். கணவன்மாரைப் பற்றிய புகார்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒருவர் வீட்டில் ஈரத் துண்டு கட்டில்மேல், இன்னொருவர் வீட்டில் குப்பையை வெளியே வைக்கக் கை வராது. இவர் எழுந்துபோவதா இருப்பதா என்று நெளிந்துகொண்டிருந்தபோது, நீங்க சொல்லுங்க என்று ஒரு குரல் வந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் மனைவி வேலையிலிருந்து வந்ததும் சீருடையைக் கழற்றி நாற்காலியில் போட்டால் போட்டதுதான், சாப்பிட்ட தட்டை ஒருநாளும் எடுத்து வைத்ததில்லை என்றார். மனம் விட்டுச் சொன்னது அது; ரொம்ப நாளாக உள்ளே இருந்தது.

பெஞ்சு முழுக்க அவர் பக்கம் திரும்பியது. பிறகு டீச்சர் சொன்னார், "பாவம், நாள் பூரா நின்னு ரயில் ஓட்டிட்டு வர்ற பொண்ணு. ஒரு தட்ட நீங்க எடுத்து வச்சா என்னவாம்?"

எல்லோரும் அதையே சொன்னார்கள். அவர் எவ்வளவோ வாதாடிப் பார்த்தார். உட்கார்ந்துதான் ஓட்டுகிறாள் என்றும் சொன்னார். எடுபடவில்லை.