தை மாதத்திலும் இறங்காத நட்சத்திரம்

அறுபதுகளின் பின்பாதியில் நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாடகைக்குக் குடியிருந்தோம். அப்பா இறந்த பிறகு, அம்மா, தங்கை, நான் என மூவர்தான் வீட்டில். எதிர்வீட்டில் இருந்த பள்ளி ஆசிரியை, கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்திலேயே திருநெல்வேலிப் பக்கம் மாற்றலாகிப் போனார். அங்கே வீடு அமையும் வரை சில பொருள்களை எங்களிடம் விட்டுச் சென்றார்: சாவி கொடுத்தால் சுற்றும் கிராமபோன் பெட்டி, சில இசைத்தட்டுகள், வாழ்த்து அட்டைகள் நிறைந்த பிஸ்கட் டப்பா, மூங்கில் சட்டத்தில் சிவப்புத் தாள் ஒட்டிய பெரிய நட்சத்திரம்.

"பூட்டி வச்சா வீணாத்தான் போகும். போட்டுக் கேளுங்க, மாட்டிப் பாருங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அவர் ரயிலேறினார்.

தங்கை அதை முழு உத்தரவாகவே எடுத்துக்கொண்டாள். அட்டைகளை நூலில் கோத்துக் கூடத்தின் குறுக்கே கட்டினாள். ஓர் அட்டையில் யானை ஒன்று சிவப்புக் குல்லாய் போட்டு ஊஞ்சலாடியது. இன்னொன்றில் கூரைமீது பனிக்காக உண்மையான பஞ்சையே ஒட்டியிருந்தார்கள். அதைத் தொட்டுப் பார்த்த அம்மா, யார் வீட்டுத் தலையணையோ கிழிந்துவிட்டது என்றாள். இசைத்தட்டுகளில் ஒன்று விசித்திரமானது. வெள்ளைக்காரர் ஒருவர் உருக்கமாகப் பாடிக்கொண்டிருப்பார்; ஒவ்வோர் அடியின் முடிவிலும் ஒரு கழுதை கத்தும். தொழுவத்தில் குழந்தை பிறந்த கதையை நினைத்து அப்படிச் செய்திருக்க வேண்டும் என்று நான் விளக்கினேன்.

"அதெல்லாம் இருக்கட்டும்ணே. ரெண்டு பேருல கழுதைக்குத்தான் சுருதி சேருது" என்றாள் தங்கை.

ஒரு பண்டிகை முடிந்து, அதற்குரியவர்களும் ஊரைவிட்டுப் போன பிறகு, அதில் எதை நாங்கள் ரசிக்கிறோம் என்பது எனக்கு விளங்கவில்லை. சிதம்பரத்தில் படித்த காலத்தில் சமய நல்லிணக்கத்தைப் பற்றி மேடையில் பேசியவன் நான். ஆனால் இதற்கு அந்தப் பெயரைச் சூட்டக் கூச்சமாக இருந்தது. பக்தியும் இல்லை, கேலியும் இல்லை. மாலையில் அலுவலகத்திலிருந்து வந்ததும் கழுதைப் பாட்டைப் போடச் சொல்லிக் கேட்டேன் என்பது மட்டும் உண்மை.

நட்சத்திரத்தை வாசலில் மாட்டி, உள்ளே பல்பு போட்டுத் தந்தேன். அம்மா சாமி விளக்கை ஏற்றிய கையோடு வாசலுக்கு வந்து அந்த சுவிட்சையும் போட ஆரம்பித்தாள். அதை எப்போது இறக்க வேண்டும் என்று அலுவலகத்தில் இருந்த கிறிஸ்தவ நண்பரிடம் விசாரித்தேன். ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளோடு இறக்கிவிடுவார்கள் என்றார். அம்மா நாள்காட்டியைப் பார்த்தாள். அது வெள்ளிக்கிழமை.

"வெளிச்சம் குடுக்குறத வெள்ளிக்கிழமையில எறக்குவாங்களாடா?"

நடுவில் வந்த நாள்களுக்கும் ஒவ்வொரு சாக்குச் சொன்னாள்; அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை ஆகவே ஆகாது என்றாள். அதோடு அமாவாசை. தை பிறந்ததும் நல்ல நாளாகப் பார்த்து இறக்கலாம் என்று முடிவாயிற்று. தை பிறந்தது, நட்சத்திரத்தின் கீழே பொங்கல் கரும்பைச் சாத்திவைத்தோம். அதன்பின் நல்ல நாளைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

இந்த நிலையில்தான் ஒரு வியாழக்கிழமை, விளக்கு வைத்த நேரத்தில், தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த தரகர் வந்தார். சிதம்பரத்திலிருந்து மறுநாளே பெண் பார்க்க வருகிறார்களாம். முன்பு வந்த இரண்டு இடங்களும் தட்டிப்போயிருந்தன. இந்த மாப்பிள்ளையின் புகைப்படத்தைப் பார்த்துத்தான் தங்கை முதன்முறையாக, "வரச் சொல்லுண்ணே" என்று தானாகச் சொல்லியிருந்தாள். போகும்போது தரகர் வாசலில் அண்ணாந்து பார்த்தார்.

"இத எடுத்துடுங்க தம்பி. கிறிஸ்தவ வேதத்துல சேந்துட்டாங்கன்னு நெனைச்சிக்குவாங்க."

முக்காலியைக் கொண்டுவந்து போட்டேன், ஏறவில்லை. இறக்கினால், மறைக்க வேண்டிய பொருள் அது என்று நானே ஒப்புக்கொள்வதாகும். இறக்காவிட்டால், என் கொள்கைக்கான விலையைத் தங்கை கொடுக்க நேரும். அவளையே கேட்டேன். "எனக்கு என்னாண்ணே தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். இறுதியில் முடிவெடுத்தது நான் அல்ல.

"ஏத்தினத எறக்காத. விடிஞ்சா வெள்ளிக்கிழமை. பொண்ணு பாக்க வர்ற வீட்டுல வெளக்க அவிப்பியா?" என்றாள் அம்மா.

மறுநாள் மாலை மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன் ஆகிய மூவரும் வந்தபோது நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்தது. மாமன்தான் முதலில் நின்றார்.

"பொண்ணுக்கு ரோகிணி நட்சத்திரம்னு சொன்னாங்க. இது எந்த நட்சத்திரங்க?"

எதிர்வீட்டு ஆசிரியை கொடுத்துவிட்டுப் போனது என்றாள் அம்மா.

"சரிதான். அவுங்க போயிட்டாங்க, அவுங்க சாமி மட்டும் இங்க தங்கிடுச்சா?"

கூடத்தில் அட்டைகளைப் பார்த்துவிட்டு, கிராமபோனில் ஏதாவது போடச் சொன்னார். பெட்டியில் இருந்தது கழுதைத் தட்டு. முதல் கத்தலிலேயே மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். அவருடைய அம்மா சிரிக்கவில்லை. தங்கையைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டார்:

"தெனம் வீட்டுல வெளக்கேத்துவியாம்மா?"

"அம்மா ஏத்துவாங்க. அம்மாவுக்கு முடியலன்னா நான் ரெண்டையும் ஏத்துவேங்க."

கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, தகவல் சொல்லியனுப்புவதாகக் கூறிக் கிளம்பினார்கள்.

தகவல் வந்தது, ஆனால் அது சம்மதமும் அல்ல, மறுப்பும் அல்ல. பெண்ணை அழைத்துக்கொண்டு ஒருநாள் சிதம்பரம் வர வேண்டுமாம். கோயிலுக்குப் போய்விட்டு வீட்டுக்கும் வந்து போகலாமாம். நிச்சயம் ஆகாமல் பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்குள் அழைத்துச் செல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லை. இது அழைப்பா, சோதனையா என்று தரகரைக் கேட்டேன்.

"ரெண்டுந்தான்னு வச்சிக்குங்களேன்" என்றார்.

கோபம் வந்தது. ஆனால் மறுத்தால் அவர்களுடைய சந்தேகத்தை நாங்களே உறுதிசெய்வதாகும். தங்கையும் போகலாம் என்றாள். போனோம். சன்னிதியில் அவள் திருநீற்றை வாங்கி இட்டுக்கொள்வதை, மாப்பிள்ளையின் அம்மா தூணருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவர்கள் வீட்டுக்குச் சென்றோம். கூடத்துச் சுவரில் வரிசையாகச் சாமி படங்கள்: நடராசர், முருகன், லட்சுமி. கடைசியில் கண்ணாடிச் சட்டம் போட்ட சிறிய படம் ஒன்று. நீல முக்காடிட்ட ஒரு பெண், மடியில் குழந்தை, ஓரத்தில் ஓர் ஆட்டுக்குட்டி. மூன்று நெற்றிகளிலும் குங்குமம் வைத்து, மேலே மல்லிகைச் சரம் சாத்தியிருந்தார்கள். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தாய்மாமன் எதிரில் உட்கார்ந்து காபி ஆற்றிக்கொண்டிருந்தார். அன்றைய அவருடைய கேலிக்குப் பதிலாகச் சொல்ல வேண்டிய வாக்கியம் என் வாயில் தயாராக இருந்தது. சொன்னால் நியாயம் என் பக்கம் நிற்கும். அந்தப் படம் சுவரிலிருந்து இறங்கவும் கூடும். தங்கையின் கல்யாணமும் அதோடு போகலாம். நான் தயங்குவதற்குள் தங்கை கேட்டுவிட்டாள்:

"இது யாருங்க அத்தை?"

"யசோதைம்மா. கண்ணன மடியில வச்சிருக்கா. எம் பையன் கொறமாசத்துல பொறந்தான். பொழைக்கிறது கஷ்டம்னுட்டாங்க. ஆஸ்பத்திரியில ஒரு நர்சம்மா இதக் குடுத்து, தலமாட்டுல வச்சிக்கச் சொன்னாங்க. அன்னையிலேருந்து கும்புட்டுக்கிட்டு வர்றேன்."

இதைச் சொல்லும்போது அவர் தங்கையை மட்டுமே பார்த்தார். மாமன் காபி ஆற்றுவதை நிறுத்தவில்லை. அந்த அம்மாள் குங்குமச் சிமிழை எடுத்துவந்து தங்கையின் நெற்றியில் வைத்தார். தயாராக இருந்த வாக்கியத்தோடு நானும் காபியைக் குடித்து முடித்தேன்.

ரயிலில் அம்மா கண்ணயர்ந்த பிறகு தங்கையிடம் கேட்டேன்.

"அது என்னா படம்னு தெரிஞ்சிதா?"

"தெரிஞ்சிதுண்ணே."

"அவுங்களுக்குத் தெரியுமா?"

"அதான் புரியல. தெரியாமயும் இருக்கலாம். தெரிஞ்சும் யசோதைன்னு சொல்லியிருக்கலாம். நீயே சொல்லு, எப்புடிக் கேக்குறது?"

பரங்கிப்பேட்டை தாண்டியதும் நான் கேட்டேன்:

"தரகருக்கு நான் என்னா சொல்லட்டும்?"

"சரின்னு சொல்லிடு."

"நம்மளச் சோதிச்சிப் பாத்தாங்களே, அது பரவாயில்லையா?"

"ரெண்டையும் ஏத்துவேன்னு அவுங்ககிட்டயே சொன்னேன். அதுக்கப்புறமும் கூப்புட்டாங்களேண்ணே" என்றாள்.

மறுநாள் காலையில் தரகரிடம் சம்மதம் தெரிவித்தேன். என்ன நம்பிக்கையில் சம்மதிக்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.