சத்தம் போடாத நான்கு டயர்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. மெல்பேர்னிலிருந்து புறப்பட்டு, ட்ராரல்கனைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். நல்ல மழை. காருக்கு அடியிலிருந்து டயரின் வழக்கமான உறுமல். பக்கத்தில் மனைவி சறோ. பின் சீற்றில் ஐஸ் பெட்டிக்குள் பால்சுறா, இரண்டு போத்தல் சரக்குத்தூள், ஒரு மூட்டை அரிசி, உள்ளி ஒரு பை...

திடீரென்று சறோ சொன்னாள் — “நிப்பாட்டுங்கோ.”

“என்ன, வயித்தைப் பிரட்டுதோ?”

“காரை நிப்பாட்டுங்கோ எண்டுறன்!”

ஓரமாக நிறுத்தினேன். அவள் இறங்கினாள். குடை இல்லை. மழைக்குள்ளே, புல்லில் பத்தடி நடந்து போய் நின்றாள். இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு.

கார் நின்றுவிட்டது. சத்தமும் நின்றுவிட்டது. ஆனாலும் அவள் கையை எடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் நனைந்தபடி வந்து ஏறினாள். “நான் வரேல்லை. வீட்டை போவம்.” அவ்வளவுதான். நான் கேள்வி கேட்கவில்லை. அறுபதுக்கு மேல் போனால் அந்த உறுமல் தொடங்கும் என்று எனக்கு அதற்குள் விளங்கியிருந்தது. ஆகவே அறுபதிலேயே நோபல் பார்க்கில் உள்ள எங்கள் வீடு வரை ஊர்ந்து வந்தோம். பின்னால் வந்த லொறிக்காரர்கள் எல்லோரும் ஹோர்ன் அடித்து என்னை வாழ்த்தினார்கள்.

எங்கே போகப் புறப்பட்டோம்? எங்கள் ஒரே மகள் துளசி ஓமியோவில் நேர்ஸ். விக்டோரியாவின் மலைப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். எங்கள் வீட்டிலிருந்து ஐந்து மணி நேரம். குளிர்காலத்தில் மழை, சில நாட்களில் பனி. அங்கே அவளுக்கு முதல் பிள்ளை பிறக்கப் போகிறது. தாய் பக்கத்தில் நின்று, பெற்ற உடம்பு தேற மிளகும் மல்லியும் அரைத்த சரக்குக் கறி காய்ச்சிக் கொடுக்காமல் ஒரு பிள்ளைப்பேறா?

ரயிலில் போகலாமே என்பீர்கள். ரயில் பேர்ன்ஸ்டேல் வரைதான். அதற்கு மேல் மலை. மருமகன் தன் யூட் என்கிற பிக்கப் வண்டியைக் கொண்டுவந்து ஏற்றலாம் — ஆனால் அந்த யூட்டின் டயர் சத்தம் எங்கள் கார் சத்தத்துக்கு மூத்த அண்ணன்.

மகளுக்கு போன் எடுத்தேன். “காருக்குள்ளை டயர்ச் சத்தம். கொம்மா காதைப் பொத்திக்கொண்டு திரும்பிட்டா” என்றேன்.

“இட்ஸ் ஓகே அப்பா. ஐ வில் மேனேஜ்.” பிறகு, “அப்பா... அது வண்டு. உங்களுக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாது. அவள் சொல்லித்தான் விளங்கியது. போர்க்காலத்தில் ஆளில்லாத வேவு விமானம் ஒன்று வன்னியில் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டே இருக்கும். சனங்கள் அதற்கு வைத்த பெயர் வண்டு. அது வந்து போனால் பின்னால் ஷெல் வரும். சறோவும் குழந்தையாக இருந்த துளசியும் அதன் கீழேதான் இருந்தார்கள். நான் அப்போது இங்கே, டண்டினோங்கில், கோழி வெட்டும் தொழிற்சாலையில். அவர்களை இங்கே கூப்பிட எனக்குப் பல வருடம் பிடித்தது.

“அம்மா உங்களுக்குச் சொல்லமாட்டா. காரிலை ஹைவே போனா அவவுக்கு அதுதான் கேக்கும். எனக்கும் கொஞ்சம் கேக்கும்.”

இதுதான் என் பிரச்சினை. டயர் மாற்ற வேண்டும். மழைக்கும் பனிக்கும் தாங்க வேண்டும். அமைதியாகவும் இருக்க வேண்டும். ஆனால் எந்தச் சத்தம் கூடாதோ, அந்தச் சத்தத்தை நான் ஒருநாளும் கேட்டதில்லை. இதைக் கடையில் எப்படிச் சொல்லுவது?

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இப்போது குளிர்களஞ்சியம் ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். சாப்பாட்டு நேரத்தில் போனில் டயர்களைப் பற்றித் தேட ஆரம்பித்தேன். ஐயோ... தேடியிருக்கக் கூடாது! ஒருவர் சொல்கிறார், சத்தம் குறைந்தால் மழை ரோட்டில் பிடிப்பு இருக்காது. இன்னொருவர் சொல்கிறார், பனிக்கு நல்லது வெயிலுக்குத் தேயும். மூன்றாமவர் ஈர ரோட்டில் கார் வழுக்கும் வீடியோ போட்டிருக்கிறார் — அதை நான் ஏழு தடவை பார்த்தேன். ஏன் பார்த்தேன்? தெரியாது. பயந்த ஆட்களுக்கு அது ஒரு தீனி.

கடைசியில் டண்டினோங்கில் டயர் கடை வைத்திருக்கும் நசீரிடம் போனேன். காத்தான்குடிக்காரர். நன்றாகத் தமிழில் ஏசுவார்.

“வாங்க அண்ணன். டயரா, மூஞ்சா... எது தேஞ்சிரிக்கி?”

“தம்பி, நாலு காலத்துக்கும் ஓடுற டயர் வேணும். சத்தம் இருக்கக் கூடாது.”

அவர் காரை ஜாக்கியில் தூக்கினார். பின் சில்லின் டயர் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு பக்கம் தடவினார். பிறகு மறுபக்கம் தடவினார். “நீங்க தடவிப் பாருங்க.”

ஒரு பக்கமாகத் தடவினால் வழவழப்பு. எதிர்ப்பக்கமாகத் தடவினால் கை சிக்குகிறது. மரம் அறுக்கும் வாளின் பல் மாதிரி.

“முன்னுக்கு இரிக்கிற டயரப் பின்னுக்கு, பின்னுக்கு இரிக்கிறத முன்னுக்கு... எப்ப மாத்திப் போட்டீங்க?”

நான் டயரையே தடவிக்கொண்டு நின்றேன்.

“அண்ணன்?”

“போடேல்லை.”

“ஒருக்காவுமா?”

காரணத்தைச் சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது; ஆனாலும் சொன்னேன். சில வருடங்களுக்கு முன் மொனாஷ் ஃப்ரீவேயில் ஒரு தனிச் சில்லு எங்கள் காரை முந்திக்கொண்டு போனது. காரும் இல்லை, ஆளும் இல்லை — சில்லு மட்டும், வேலைக்கு நேரம் போனதுபோல. யாரோ ஒருவர் நட்டைச் சரியாக இறுக்காமல் விட்டிருக்கிறார். அன்றோடு முடிவெடுத்தேன்: என் காரின் சில்லை எவரும் கழற்றக் கூடாது. கழற்றினால்தானே இறுக்க மறப்பார்கள்? சேர்விஸுக்கு விடும்போதெல்லாம் மெக்கானிக்கிடம் முதலில் சொல்வது, “வீல் தொடாதே” என்பதுதான்.

நசீர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “அண்ணன், நட்டுக்குப் பயந்து நீங்க டயரக் கெடுத்து வெச்சிரிக்கீங்க. ஒரே எடத்தில ஓடி ஓடி பல்லுப் பல்லாத் தேஞ்சி போச்சி. அந்த உறுமல் ரோட்டுச் சத்தமில்ல. இந்தப் பல்லுச் சத்தம்.”

அங்கே கிடந்த ஒரு கதிரையில் இருந்துவிட்டேன்.

யோசித்துப் பாருங்கள். அந்தச் சத்தத்தை யார் செய்தது? கம்பனிக்காரனா? ரோட்டுப் போட்டவனா? நான்! என் பயத்தை வைத்து நானே தேய்த்துத் தேய்த்துச் செய்திருக்கிறேன். வருடக்கணக்காக அதைச் சறோவின் காதுக்குக் கீழே ஓடவிட்டிருக்கிறேன். பயந்தவனுக்கு நாம் பாவம் பார்க்கிறோம். அவன் பயத்தைப் பக்கத்துச் சீற்றில் இருந்து சுமக்கிறவர்களுக்கு யார் பாவம் பார்க்கிறது?

நசீரிடம் வண்டைப் பற்றிச் சொன்னேன். அவர் பகிடியை விட்டுவிட்டார். இரண்டு டயர்களை எடுத்து வைத்து விளக்கினார். இரண்டிலும் பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலைப்படம், அதற்குள் பனித்துகள். “எம், எஸ் எண்டு எழுத்து மட்டும் இரிந்தா அது கம்பனி தானே எழுதிக்கிறது. இந்தப் படம் பனியில சோதிச்சிப் பாத்துத்தான் போடுவாங்க. படத்தப் பாருங்க.” ஒன்றில் ரப்பர்க் கட்டைகள் பெரிது, பனியைக் கடிக்கும், ஆனால் கொஞ்சம் இரையும். மற்றதில் கட்டைகள் ஒரே அளவில் இல்லை, சிறிதும் பெரிதுமாக — அதனால் சத்தம் ஒன்றாகத் திரளாதாம். தண்ணீர் ஓட நடுவில் அகலமான கால்வாய்கள். “மெல்பேர்ன் வெயிலுக்குக் கொஞ்சம் கெதியாத் தேயும். அதச் சொல்லாம விக்க மாட்டன்.”

“இது சத்தம் போடாது எண்டு எப்பிடி நம்புறது?”

“என்ட காருக்குப் போட்டிரிக்கன். அக்காவக் கூட்டி வாங்க. நம்மட காதால என்ன பிரயோசனம்?”

அடுத்த நாள் சறோவைக் கூட்டிப் போனேன். எதற்கு என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. நசீர் தன் காரை ஓட்ட, அவள் முன்னால், நான் பின்னால். சவுத் கிப்ஸ்லாண்ட் ஹைவேயில் கரடுமுரடாகக் கல் தெரியும் ஒரு துண்டு ரோட்டுக்கு விட்டார். எண்பது. தொண்ணூறு. நூறு. நான் அவளுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் மடியில்.

“அக்கா, எப்பிடி?” என்றார் நசீர்.

அவள் கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

“சத்தம் இருக்கு.”

நான் முன் சீற்றைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

“ஆனா இது ஏறி இறங்குது. ரோட்டு மாற இதுவும் மாறுது. அது... மாறாது தம்பி. ஒரே மாதிரி நிக்கும். எங்கை நிக்குதெண்டும் தெரியாது.” கண்ணைத் திறந்தாள். “இதோடை இருக்கலாம்.”

இத்தனை வருடத்தில் என்னிடம் சொல்லாததை ஒரு டயர்க் கடைக்காரரிடம் சொல்லிவிட்டாள். நான் பின் சீற்றில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். நசீர் வேகத்தைக் குறைத்துக் காரைத் திருப்பினார்.

டயர் வந்தது, போட்டார். நட்டுகளை அளவாக இறுக்கும் கருவியால் என் கண் முன்னாலேயே இறுக்கினார். “நூறு கிலோமீற்றர் ஓடிட்டு வாங்க, இன்னொருக்காப் பாக்கன்” என்றார். நான் இரண்டு கிலோமீற்றரில் திரும்பி வந்தேன். பிறகு பத்தில். “அண்ணன், இன்னும் இறுக்கினா கார் அழும்!” என்று என்னைத் துரத்தினார்.

போன வாரம் மறுபடி புறப்பட்டோம். புதுச் சுறா, அதே சரக்குத்தூள். ட்ராரல்கன் வந்தது. அவள் போன தடவை இறங்கி நின்ற இடம் வந்தது, போனது. அவள் ஒரு தோடம்பழம் உரித்து எனக்கும் ஒரு சுளை தந்தாள். சேல், பேர்ன்ஸ்டேல், புரூத்தன் என்று ஊர்கள் கடந்தன. மழை. பிறகு ஆற்றோரமாக வளைந்து வளைந்து மலை. ஓமியோவுக்குக் கொஞ்சம் முன்னால் மழை வெள்ளையாக மாறியது. ரோட்டில் சேறும் பனியும் கலந்த ஒரு கூழ். கார் வழுக்கவில்லை. கோட்டைப் பிடித்துக்கொண்டு போனது.

அப்போதுதான் சறோ கேட்டாள், “இஞ்சருங்கோ... ஆரோடை கதைக்கிறியள்?”

“நானோ? ஒருத்தரோடையும் இல்லையே.”

“புறப்பட்ட நேரம் தொடக்கம் கேட்டுக்கொண்டுதான் வாறன். ‘வளைவு வருது... மெல்ல, மெல்ல... முருகா, லொறி... கங்காரு நிக்குமோ...’ இவ்வளவு வருசமும் இப்பிடிக் கதைச்சுக்கொண்டே ஓடினனீங்கள்?”

எனக்கே தெரியாது. சத்தியமாகத் தெரியாது. பழைய டயரின் உறுமலில் அது எங்கள் இருவருக்குமே கேட்கவில்லை.

ஓமியோவில் துளசி கதவைத் திறந்துகொண்டு நின்றாள். வயிறு முதலில் தெரிந்தது, பிறகுதான் மகள். சறோ இறங்கி நேரே போய் அவளுடைய முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

பிறகு துளசி, “காருக்குள்ளை ஓகேயா அம்மா?” என்று கேட்டாள்.

“கார் நல்ல அமைதி, பிள்ளை. உன்ரை கொப்பரைத்தான் எந்தக் கடையிலை குடுத்து மாத்துறதெண்டு தெரியேல்லை.”

துளசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கதவில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

எனக்கு உடனே அடுத்த பயம் — இந்த நேரத்தில் இவள் இப்படிச் சிரிக்கலாமா?